தகவல் அனுப்பியாயிற்று, வந்து சேர்ந்ததா?



2023-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி முற்பகல், அமரவிளை ஜங்ஷனில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு மேல் இருக்கும். திடீரென்று கடையில் இருந்த செல்போன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின. வழக்கமான மணியோசை அல்ல. ஆபத்துக்கு ஊதும் சங்கு போல ஓர் ஓசை, கூடவே அதிர்வு. சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஒரு மூதாட்டி போனை மேசைமேல் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். திரையில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஓர் அறிவிப்பு. பேரிடர்க் காலத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்க்கிறோம், யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்பது அதன் சாரம். இரண்டு நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு எல்லோரும் சாயாவுக்குத் திரும்பினார்கள்.

அன்று மாலை களியிக்காவிளையில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்து, உனக்கும் வந்ததா என்று கேட்டேன். “எங்களுக்கு அது பத்து நாளைக்கு முந்தியே வந்துட்டே அண்ணா. இன்னிக்கு ஒண்ணும் வரல்லியே” என்றாள். தமிழ்நாட்டுக்கு ஒரு நாள், கேரளத்துக்கு வேறொரு நாள் என்று சோதனை வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். இரண்டு வீட்டுக்கும் அருகில் உள்ள கடல் ஒன்றேதான். அன்று தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை.

இந்த இதழைப் படிக்கும் அன்பர்களில் பலர் வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் கேரளத்துக்கு வந்தவர்கள். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலர் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக்கோடுதான் எங்களைத் தாண்டிப் போயிற்று. விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. நில அளவைக்காரர் போட்ட அந்தக் கோடு பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையில் கடலில் போய் முடிகிறது. அலைக்கு அது தெரியாது.

நான் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கியவன். நிலநடுக்கம், கடல் இவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் ஓர் இடத்தில் இருக்கும் ஆபத்தை இன்னோர் இடத்தில் இருப்பவனுக்குச் சரியான நேரத்தில் தெரிவிப்பது எப்படி என்பது என் தொழில். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதியின் கடிகாரத்தைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்துக்கு. அளவு 9.1. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தார் பதினைந்தே நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டார்கள். அவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர். 1946 ஏப்ரலில் அலூசியன் தீவுகளிலிருந்து வந்த அலை ஹவாயில் 150-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், 1949-இல் தொடங்கப்பட்ட மையம் அது. ஆனால் அவர்களுடைய பொறுப்பு பசிபிக் கடல். இந்துமாக்கடல் நாடுகளில் அந்த நேரத்தில் யாரை அழைப்பது என்பதற்கு ஓர் ஏற்பாடு அன்றைக்கு இல்லை.

கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்திலிருந்து ஏழரை மணியளவிலேயே, தீவில் எங்கும் தண்ணீர் என்று செய்தி வந்ததாக அன்றைய விமானப்படைத் தளபதியே பின்னர் சொல்லியிருக்கிறார். தில்லியில் அனுப்பப்பட்ட ஒரு பேக்ஸ், பதவியில் இருந்த அமைச்சருக்குப் பதிலாக முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. சென்னைக் கரையில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பகுதிக்கு வந்தது அதற்கும் பிறகு. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடு, அழீக்கல் பகுதிகளை அடித்தது இன்னும் பிறகு. அதாவது, சென்னையில் பிணங்களை எடுக்கத் தொடங்கிய நேரத்தில் கேரளக் கடற்கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். குமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 800. கேரளத்தில் 170-க்கும் மேல். மணக்குடிப் பாலத்தின் மேல்தளப் பாளங்களை அலை தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டிருந்ததைப் பிறகு நானே போய்ப் பார்த்தேன். கான்கிரீட்டின் எடை தெரிந்தவனுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கும்.

நாகப்பட்டினத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. குளச்சலுக்கு அதைவிட அதிகம். ஆலப்பாட்டுக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல். நேரம் இல்லாததால் சாகவில்லை நம் மக்கள்.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளாக வெளியில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று நான் டியூட்டியில் இருந்தேன். ஒன்பதரை மணியளவில் சென்னையில் இருந்த ஒரு சக ஊழியர் ரயில்வே போனில் வேறு விஷயம் பேசும்போது, “மெரினாவில் கடல் ரோட்டுக்கு வந்துட்டுதாம் சார், கார் எல்லாம் மிதக்குதாம்” என்றார். ஆச்சரியப்பட்டேன். என்ன ஏது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். என் கீழ் வேலை பார்த்த கலாசி ஒருவர் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தவர். கிறிஸ்துமஸ் லீவில் ஊரில் இருந்தார். சிக்னல் பழுதானால் அவசரத்துக்குக் கூப்பிட அவருடைய பக்கத்து வீட்டுப் பி.பி. நம்பர் என் மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தது. பாயிண்ட் மோட்டார் ஓடவில்லை என்றால் நள்ளிரவிலும் அந்த நம்பரைச் சுழற்றியிருக்கிறேன். அன்று அது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது; சுழற்றவில்லை. மெரினாவும் குளச்சலும் ஒரே தண்ணீர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய தாயாரும் அண்ணன் மகளும் போய்விட்டார்கள்.

பல ஆண்டு கழித்து, என் ஓய்வுக்குச் சற்று முன்பு, இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சார், நீங்க விளிச்சிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். கடல் ஏறி வருது, ஓடுன்னு சொன்னா, சாருக்கு என்ன ஆச்சுன்னு சிரிச்சிருப்பேன்” என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று இன்றும் தெரியவில்லை. உண்மையாகவே இருக்கலாம். சொல்கிறவனுக்கும் தெரியவில்லை, கேட்கிறவனும் நம்பத் தயாராக இல்லை என்ற நிலையில் போன் இருந்து என்ன பயன்?

இலங்கையில் அன்று நடந்தது ரயில்வேக்காரன் எவனையும் தூங்கவிடாது. கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே மாத்தறை நோக்கிப் போன ‘சமுத்திர தேவி’ ரயில், கடலோரமாகவே போகும் பாதை. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் மருதானைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அந்தப் பாதையில் ஓடிய பல ரயில்களை நிறுத்திவிட்டார்கள். இந்த ஒன்றை அம்பலாங்கொடையில் நிறுத்த முயன்றார்கள். அங்கே நிலையத்து ஊழியர்கள் எல்லோரும் அந்த ரயிலைக் கவனிக்கவே பிளாட்பாரத்துக்குப் போயிருந்ததால் போனை எடுக்க ஆள் இல்லை. எடுத்தபோது ரயில் புறப்பட்டுவிட்டது. பெரலிய என்ற இடத்தில் முதல் அலை ரயிலை நிறுத்தியது. பக்கத்து ஊர் மக்கள், ரயில் கனமானது, அசையாது என்று நம்பி அதில் ஏறினார்கள். பலர் அதன் மறைவில் நின்றார்கள். அடுத்த அலை பெட்டிகளை உருட்டிவிட்டது. ஆயிரத்துக்கு மேல், 1,700 பேர் வரை இறந்ததாகக் கணக்கு. ரயில் விபத்துகளின் வரலாற்றிலேயே இதைவிடப் பெரியதாக ஒன்றைச் சொல்வது கடினம். மருதானையில் இருந்தவர்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் தகவல் அனுப்பினார்கள். அது போய்ச் சேரவில்லை.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர். அது சுனாமி அல்ல, புயல். தனுஷ்கோடிக்கு வெளியே சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் நின்று பார்த்தார், ஊதல் கொடுத்தார், பிறகு வண்டியை எடுத்தார். கடல் வண்டியோடு எடுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல், ஒருவர்கூட மிஞ்சவில்லை. பழைய பாம்பன் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறும் ஏற்பாடு இருந்தது அன்பர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நின்று யோசிக்கும் வேலையை அந்த இரவு நேரத்து டிரைவரின் தலையில் வைக்கக்கூடாது என்பதே அதன் கருத்து.

இதற்கு நேர் எதிரான கதை புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் நடத்திவந்தது. கடல் நிலவரத்தை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கச் செய்தியைக் கேட்டவர் வீட்டுக்குப் போன் போட்டார். கடல்நீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். உடனே ஊரை வெளியேற்றுங்கள் என்றார். மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் இருந்த கிராமம் உயிர்ச்சேதம் இன்றித் தப்பியது. வீடுகளும் படகுகளும்தான் போயின. வெளியூரில் வாழும் தமிழன் ஒருவன் செய்த ஒரு போன். இந்த இதழின் வாசகர்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அந்தத் தம்பியின் போனைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அந்த ஒலிபெருக்கி தினமும் வேலை செய்துகொண்டிருந்தது என்பது. தினமும் கேட்டுப் பழகிய குரல் ஓடு என்றபோது ஊர் ஓடிற்று.

இப்போது நிலைமை என்ன? நிறைய மாறியிருக்கிறது, நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கடல் தகவல் மையத்தில் 2007 அக்டோபரில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்துமாக்கடல் நாடுகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. வேலை செய்யும் விதம் எளிதாகப் புரியக்கூடியதுதான். நிலநடுக்கத்தின் அதிர்வு பாறை வழியாக வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அலை தண்ணீர் வழியாக மெதுவாக வருகிறது. மெதுவாக என்றால், ஆழத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் வேகம். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய விமான வேகம். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து வேகம் குறையும், உயரம் கூடும். இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் கால அவகாசம்.

நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு என்று சில நிமிடங்களில் கணக்கிட்டு, முன்பே கணக்குப் போட்டுச் சேமித்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான மாதிரிகளில் பொருத்தமானதை எடுத்து, எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் என்று முதல் அறிக்கை தருகிறார்கள். பிறகு கடலடியில் வைத்திருக்கும் அழுத்தமானிகள் அலை உண்மையில் உண்டானதா என்று சொல்கின்றன. மேலே பல கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும்போது அதில் ஒரு சென்டிமீட்டர் ஏற்றத்தைக்கூட அவை உணரும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கருவியைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அது கிடக்கட்டும். அழுத்தமானி சொல்வதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்ப மேலே ஒரு மிதவை வேண்டும். அந்த மிதவைகளில் படகைக் கட்டுவதும், பாகங்களைக் கழற்றுவதும் நடக்கிறது என்பது வருத்தமான செய்தி. ரயில்வேயில் செம்புக் கம்பி திருடுபோன காலத்தை நினைத்துக்கொண்டேன்.

2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது இந்த மையத்துக்குப் பெரிய சோதனை. நிமிடக்கணக்கில் அறிக்கை வந்துவிட்டது. நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. 2025 ஜூலை 30-ஆம் தேதி ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவில் குலுங்கியபோது இந்தியாவுக்கு ஆபத்தில்லை என்று உடனே அறிவித்தார்கள். ஓடு என்று சொல்வதைப் போலவே ஓட வேண்டாம் என்று சொல்வதும் பெரிய வேலைதான். மேற்குக் கரைக்கு இன்னொரு வாசலும் உண்டு என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பாகிஸ்தான், ஈரான் கரையோரமான மக்ரான். 1945 நவம்பரில் அங்கே உண்டான அலை கட்சையும் பம்பாயையும் தொட்டது.

ஆகவே ஹைதராபாத் வரையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் கவலை எல்லாம் ஹைதராபாத்துக்கும் பொழியூர்க் கடற்கரைக்கும் இடையில் இருக்கும் கடைசிப் பத்து கிலோமீட்டரைப் பற்றியது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி மீனவர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். பூவார், பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை மக்களும் கடலில் இருந்தார்கள். புயலாக மாறிவிட்டது என்ற அறிவிப்பு வந்தது நவம்பர் 30-ஆம் தேதி, புயல் தலைக்குமேல் வந்தபின். கடலுக்குள் போய்விட்டவனுக்குச் சொல்ல வழியே இல்லை. இரண்டு மாநிலத்திலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. டிசம்பர் 7-ஆம் தேதி அந்த ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது நான் பணியில் இருந்தேன். ரயில்கள் நின்றன. ரயில் நிற்பதைப் பார்த்து எரிச்சல்படுவது எங்கள் தொழில் குணம். அன்று வரவில்லை. தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் தங்கள் வீட்டு ஆண் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாதவர்கள்.

அதற்குப் பிறகு 2019-இல் ஜெமினி என்ற சிறு கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கை கிடைக்கும். நல்ல முன்னேற்றம். ஆனால் செய்தி ஒரு வழிதான். கிடைத்தது என்று படகிலிருந்து திருப்பிச் சொல்ல முடியாது.

2024-இல் நடந்தது இன்னும் கூர்மையாக எடுத்துக்காட்டும். கள்ளக்கடல் என்று நம் கரையோர மக்கள் சொல்வது அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். தெற்கே வெகுதொலைவில் அடிக்கும் புயலின் பேரலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் திருடனைப் போல ஓசையின்றிக் கரையேறுவது. மீனவர் வைத்த இந்தப் பெயரை யுனெஸ்கோவும் 2012-இல் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு மார்ச் 31-ஆம் தேதி கேரளக் கரையில் பல ஊர்களில் கடல் வீடுகளுக்குள் வந்தது. மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் திருச்சியிலிருந்து வந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். படித்த பிள்ளைகள், நாளைக்கு டாக்டராக வேண்டியவர்கள். அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. ஹைதராபாத்தில் இருந்தது, சென்னையில் இருந்தது, பத்திரிகையில் இருந்தது. அந்த மணலில் நின்ற பிள்ளைகளின் காதில் விழவில்லை.

ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் லெவல் கிராசிங் கேட்மேனுக்குப் போன் செய்து, வண்டி வருகிறது, கேட்டை மூடு என்கிறார். கேட்மேன் சரி என்று சொன்னால் போதாது. மூடிவிட்டு, தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து பிரைவேட் நம்பர் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்ன நம்பரை அடித்துவிட வேண்டும், மறுபடி பயன்படுத்தக்கூடாது. அந்த நம்பரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் சிக்னல் கொடுப்பார். நம்பர் வரவில்லை என்றால் தகவல் போகவில்லை என்றே பொருள். அனுப்பியவன், நான் அனுப்பிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்று கேலி செய்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுப்பது மனித இயல்பு. நம்பர் சொல்ல எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, தாளைப் பார்க்க வேண்டும்.

போன் இல்லாத இடத்துக்கும் வழி உண்டு. பாதையில் தடை கண்ட கேங்மேன் கொடியோடு ஓடி, 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் அதன்மேல் ஏறும்போது வெடிக்கும். ஏன் 1,200 மீட்டர்? தடையின் காலடியில் வைத்தால் வண்டி நிற்காது. எச்சரிக்கையின் தூரத்தைத் தீர்மானிப்பது வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம். ஒரு கடற்கரைக் கிராமம் காலியாக எத்தனை நிமிடம் தேவை என்று நம் இரண்டு மாவட்டங்களில் எங்காவது கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்களா?

சென்ற ஆண்டு பொழியூரில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எழுபது வயதுக்கு மேல்; கட்டுமரத்தில் போன காலத்து மனிதர். சைரன் வைக்கப் போகிறார்களாமே என்றேன். கேரள அரசு கவசம் என்ற திட்டத்தில் மாநிலம் முழுவதும் 126 சைரன்களுக்கு ஏற்பாடு செய்து, 2025 ஜனவரியில் தொடங்கியும் வைத்தது. அந்தப் பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அவர், “சைரன் வரட்டும் சாரே, நல்லதுதான். ஊதினா எங்கே ஓடணும்? வடக்கே ஓடினா ஆறு, கிழக்கே ஓடினா சந்து. சந்துல ரெண்டு பேரு சேந்து போக முடியாது. அத யாரு சொல்லித் தருவா?” என்று கேட்டார். நெய்யாறு எங்கள் அமரவிளையைக் கடந்து பூவாரில்தான் கடலில் சேர்கிறது. அலை ஆற்றுவாயில் நுழைந்தால் கரையோரத்தைவிட உள்ளேதான் ஆபத்து என்பதை 2004-இல் மணக்குடி காட்டியது. பெரியவருக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கிராமங்கள் 2020-இல் ‘சுனாமிக்குத் தயாரான ஊர்’ என்ற யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றன. வெளியேறும் வழி குறித்த பலகை, ஊர்க்குழு, வரைபடம், ஒத்திகை எல்லாம் இருந்தால்தான் அது கிடைக்கும். 2024-இல் அதே மாநிலத்தில் மேலும் 24 ஊர்கள். 1999 புயலில் பட்ட அடியிலிருந்து ஒடிசா கற்றுக்கொண்டது. சுனாமியில் பட்ட அடி நமக்கு அதைவிடக் குறைவா?

இதற்கு ஒரு மறுப்பு வரும். சங்கக் கூட்டத்திலேயே ஓர் அன்பர் கேட்டார்: “இருநூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவதற்கு இவ்வளவு செலவா, சார்?” நியாயமான கேள்வி. சுனாமிக்காக மட்டும் வைத்த சைரன் பத்து ஆண்டில் துருப்பிடித்துவிடும் என்பதும் உண்மை. இந்தோனேசியாவில் மிதவைகள் பல ஆண்டுகளாகப் பழுதாகிக் கிடந்தன. 2018 செப்டம்பரில் பாலு நகரத்தில் அலை சில நிமிடங்களில் வந்தபோது மின்சாரமும் போன் கோபுரங்களும் அதற்கு முன்பே விழுந்துவிட்டன. ஆனால் கள்ளக்கடல் ஆண்டுக்குப் பல முறை வருகிறது. புயல் வருகிறது. அதே சைரன், அதே ஆள், அதே நோட்டுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் உதவும். அடிக்கடி பயன்படும் கருவிதான் ஆபத்து வேளையில் வேலை செய்யும். சிக்னல் பாட்டரியை மாதம் தவறாமல் சோதித்துக் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்துப் போடுகிறவனுக்குப் பெயர் உண்டு. சைரனுக்கும் அப்படி ஒரு பெயர் வேண்டும்.

கருவியே இல்லாமல் பிழைத்தவர்களும் உண்டு. சுமத்ராவுக்குப் பக்கத்திலேயே உள்ள சிமுலூ தீவில் 1907-இல் பெரிய அலை வந்தது. அதன் நினைவை ‘ஸ்மோங்’ என்ற ஒரு சொல்லாகப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004-இல் சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். ஆனால் நம் கரையில் நிலம் ஆடாது, நிலநடுக்கம் வெகுதூரத்தில். நமக்குக் கிடைக்கும் ஒரே இயற்கை அடையாளம் கடல் உள்வாங்குவது. அதுவும் எல்லா முறையும் நடக்காது. 2004-இல் பல இடங்களில் உள்வாங்கிய கடலைப் பார்க்கவும், கிடந்த மீனைப் பொறுக்கவும் பிள்ளைகள் இறங்கினார்கள். ஆகவே நமக்குச் செய்தி வந்துதான் தீர வேண்டும்.

என் யோசனை இதுதான். திருவனந்தபுரம், கன்னியாகுமரி இரண்டு மாவட்ட நிர்வாகமும் பொழியூர் முதல் தூத்தூர் வரையுள்ள கரையை எச்சரிக்கை விஷயத்தில் ஒரே பகுதியாகக் கொள்ள வேண்டும். இரண்டு கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே நேரடி போன் இருக்கட்டும். எந்தப் பக்கம் முதலில் செய்தி வந்தாலும் மற்றப் பக்கத்துக்குச் சொல்லி நம்பர் வாங்கட்டும். போனில் வரும் எச்சரிக்கை இந்தப் பக்கம் தமிழிலும், அந்தப் பக்கம் மலையாளத்திலும் சேர்ந்து வரட்டும். பாறசாலையிலும் பூவாரிலும் மலையாளம் படிக்கத் தெரியாத தமிழ் முதியோர் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு கடற்கரை வார்டுக்கும் இரண்டு பேர். ஒருவர் கடலுக்குப் போனால் மற்றவர் கரையில் இருப்பவராக. செய்தி கிடைத்ததும் திருப்பிச் சொல்லி நம்பர் தர வேண்டும். ஐந்து நிமிடத்தில் நம்பர் வராவிட்டால் அடுத்தவரை அழைக்க வேண்டும். அவரும் எடுக்காவிட்டால் மோட்டார் சைக்கிளில் ஆள் போக வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் ஏற்கனவே இருக்கின்றன. குறிப்பாகத் தேவாலய மணி, கடலில் நிற்பவனுக்கும் கேட்கும். இந்துமாக்கடல் நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் ஒத்திகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அடுத்த முறை அதில் எல்லைக்கு இரு பக்கமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் மக்கள் நடந்து பார்க்க வேண்டும். பெரியவர் சொன்ன அந்தச் சந்தின் வழியாகவே நடந்து பார்க்க வேண்டும்.

இவற்றில் பெரிய செலவு ஏதும் இல்லை. நோட்டுப் புத்தகமும் ஆளும்தான். ஆள் கிடைப்பதுதான் கடினம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்த ஆட்களில் சிலரை நம் சங்கம் தரலாம் என்பது என் எண்ணம். இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கும் அளவுக்கு வேறு எங்கே இருக்கிறார்கள்? நானும் குளச்சல் நண்பரும் ஏற்கனவே தொடங்கிவிட்டோம். கள்ளக்கடல் எச்சரிக்கை வரும் நாள்களில் அவருக்குப் போன் செய்கிறேன். செய்தியைத் திருப்பிச் சொல்லி, பழைய பழக்கத்தில் இரண்டு இலக்க நம்பர் ஒன்று சொல்கிறார். நான் எழுதிக்கொள்கிறேன். அவர் தம் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்கிறார். ஒருமுறை அவர் மருமகள் போனை எடுத்து, “மாமா குளிக்கப் போயிருக்காவ, நானே நம்பர் சொல்லட்டா?” என்று கேட்டாள்.

விழிஞ்ஞம், பூவார், பொழியூர், கொல்லங்கோடு பகுதிகளில் வசிக்கும் அல்லது அங்கே உறவினர் உள்ள அன்பர்கள் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்பாகச் சங்கச் செயலாளரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதும்போது, வீட்டில் இன்னொருவருடைய நம்பரையும் சேர்த்து எழுதவும்.